பொட்டு வைத்த எச்சரிக்கை விளக்கு

காரின் சக்கரங்களைக் கழற்றி, புது அலோய் சில்லுகள் பூட்டினேன். டயரில் காற்றுக் குறைந்தால் சொல்லும் சென்சர்கள் பழைய சில்லுகளுக்குள்ளேயே தங்கிவிட, எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. மேதாவியான நான் அதன்மேல் மனைவியின் ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டேன்.

ஒரு விடியலில் இருவரும் வெல்லாவெளிக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு பாலத்தில் ஏறியதும், கீழே வாவி அசையாமல் கிடந்தது. பனிக்குள் தோணிகள் மிதந்தன. காரும் தோணிபோல மெல்ல ஆடியது. சொக்கிப்போனேன்.

"இஞ்சருங்க, கார் என்ர பக்கம் சரியுது!" என்றாள் மனைவி.

"வாவிக் காத்து தாலாட்டுது, புள்ள."

"தண்ணிக்குள்ள படுக்கவா தாலாட்டு? நிப்பாட்டுங்க!"

இறங்கிப் பார்த்தால், அவள் பக்கத்து முன்டயரில் காற்றே இல்லை. பாலத்தின் ஓரத்துக்கு இன்னும் ஒரு முழம்தான். என் மயக்கம் பறந்தது.

சென்சர்களைப் புதுச் சில்லுகளுக்கு மாற்றிவிட்டேன். இப்போது விளக்கு எரிந்தால் உடனே இறங்கிப் பார்க்கிறேன். மனைவியோ, காரில் ஏறுமுன் தன் பொட்டு அட்டையில் ஏதும் குறைகிறதா என்று பார்க்கிறாள்.