அத்தை எறிந்த கயிறு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால்தான்.

நாங்கள் குடியிருந்த நீலசந்திராவில் ஆறு கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் தெருப் பெண்கள் குழாய்க்கே மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டுவார்கள். அதில் வருவதும் காவேரிதானே. தொண்ணூறுகளில் ஒரு வருடம் மட்டும் அப்பா வேன் பிடித்து எங்களை மைசூர்ப் பக்கம் அணைக்கு அழைத்துப்போனார். காரணம் அவருடைய தங்கை. புருஷன் அடிக்கிறான் என்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காவேரிக் கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டால் அவள் மனசு மாறும், மறுநாளே ஜோகுபாளையத்தில் அவனிடம் விட்டுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

வழியெல்லாம் அணையின் பெருமைதான். தேக்கிய தண்ணீர் கீழே போய்க் கரண்டாகிறது என்றார் அப்பா. அப்படியானால் அதில் கால் வைத்தால் என்னாகும் என்று பயந்தேன். கேட்கவில்லை.

நீர்த்தேக்கக் கரையில் பெண்கள் தாலியைப் புதுக் கயிற்றில் கோத்துக்கொண்டு, பழைய கயிற்றை வெற்றிலையில் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். அத்தையும் பழையதை விட்டாள். அம்மா நீட்டிய புதுக் கயிற்றை மட்டும் வாங்கவில்லை. தாலியை அப்பா கையில் வைத்தாள்.

"அவன்கிட்டயே குடுத்துடுண்ணா. நான் போமாட்டேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரா அடி வாங்குச்சு?"

தேங்கிய நீரில் ஓட்டம் ஏது? அத்தையின் வெற்றிலை ஆடி அசைந்து கரைக்கே வந்தது. காவேரித் தாயே வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறாள் பார் என்று அப்பா அதைக் காட்டினார். எனக்குப் புரிந்ததெல்லாம் அத்தையின் பொருள் ஒன்று நனைகிறது என்பதுதான். ஷாக் அடித்தால் அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு முழங்கால்வரை இறங்கி, கயிற்றை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன்.

அத்தை அதை ஒரு கல்லில் இறுகச் சுற்றி முடிந்தாள். கையை ஓங்கி வீசி எறிந்தாள். தூரத்தில் 'தளக்' என்றது.

"அந்தத் தாய்க்கு ஆயிரம் வேல இருக்குதுண்ணா. என் வேலய நானே பாத்துக்கறேன்."

திரும்பும்போது வேனில் அம்மா தன் ஜன்னலோர இடத்தை அத்தைக்குக் கொடுத்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அந்தக் கரையில் துணிந்தவள் நான்தான் என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸுக்கு வேலை கேட்கப் போனாள்.