முதலில் இறங்குவது மேலே

மெட்ராஸ் கப்பல் அந்தமான் ஹேடோ துறைமுகத்தில் கட்டிய காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் பாபு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாபி, ஜல்தி ஆவோ! சவரி பாயி ஜெட்டியிலே கிர் கயா!" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கொஞ்சம் தமிழும் எனக்குக் கொஞ்சம் இந்தியும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்பது புரிந்தது. எவனுடைய பெட்டியையோ தூக்கப் போய்ச் சறுக்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். "நல்லா வேணும். சொன்னா கேக்குற மனுசனா?" என்று திட்டிக்கொண்டே செருப்பைத் தேடினேன்.

ஜெட்டியில் ஒரு சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஈரத் துணி சுற்றிய முருங்கைப் போத்துகள் கிடந்தன. கப்பலில் யாருக்கோ நடுவதற்கு வந்தவை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் அந்த முருங்கைப் போத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்போதும் கையில் இருந்தது அடுத்தவன் சாமான்தான்.

முப்பதாம் நாள் பூசையில் வாசிப்பதற்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி மாதா கோயில் பங்கு இளைஞர்கள் கேட்டார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. அழுத அலுப்பு கொஞ்சம், இத்தனை வருஷம் மூட்டை கட்டிய அலுப்பு மிச்சம். ஆனாலும் வேறு யாராவது எழுதினால் அவரைப் புனிதராக்கிவிடுவார்கள். அவர் புனிதர் இல்லை, பிடிவாதக்காரர். கட்டிய கணவர் பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஒரு தடவை எழுதிவிடுகிறேன்: சவரிமுத்து. இனி 'அவர்'தான்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து நாங்கள் இந்தத் தீவுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. குழந்தைகள் இல்லை. அவருக்கு ஹேடோ வார்ஃபில் வின்ச் ஓட்டும் வேலை கிடைத்தது. கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கைக் கயிறு கட்டித் தூக்கி இறக்குகிற யந்திரம் அது. வேலையில் கெட்டிக்காரர். குடிக்க மாட்டார். கோபம் வந்தால் பேசாமல் கயிற்றை எடுத்து வைத்து முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார். என்னோடு சண்டை போட்ட நாட்களில் வீட்டில் ஒரு கயிறும் முடிச்சில்லாமல் இருக்காது.

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒருவர் மெயின்லேண்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், வீட்டு வாசலில் ஆள் நிற்கும். "அண்ணே, இத மட்டும் எங்க அம்மா கையில குடுத்துருங்க." சிப்பி, கொப்பரை, படாக் மரத் தட்டு, பிள்ளையின் பழைய சட்டை, எல்லாம் வரும். திரும்பி வரும்போது புளி, வத்தல், அம்மிக் குழவி வரைக்கும் வரும். தபாலை யார் நம்புகிறார்கள்? ஆள் கையில் ஆள் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். மற்றவர்கள் இரண்டுக்குத் தலையாட்டி மூன்றாவதற்கு மழுப்புவார்கள். அவருக்கு மழுப்பத் தெரியாது. நான் முகத்தைச் சுளித்தால், "கப்பல்தானட்டி சுமக்கு? நீயா சுமக்க?" என்பார். கப்பலிலிருந்து இறக்கிய பிறகு சுமந்தது நான்தான்.

மூட்டை கட்டுவதில் அவருக்கு ஒரே சட்டம் இருந்தது. முதலில் இறங்குவது மேலே, கடைசியில் இறங்குவது அடியில். கப்பலில் சரக்கு அடுக்குகிற சட்டம் அது. எங்கள் டிரங்குப் பெட்டிக்கும் அதே சட்டம். எங்களுடைய துணிமணி எப்போதும் அடியில் நசுங்கிக் கிடக்கும், ஏனென்றால் எல்லாருடையதையும் கொடுத்து முடித்த பிறகுதானே நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போவோம்! நான் இஸ்திரி போட்ட புடவையில் ஊருக்குள் போனதாக ஞாபகமே இல்லை.

அவருக்குத் தாயும் தகப்பனும் சின்ன வயதில் போய்விட்டார்கள். வளர்த்தது அக்கா. என் மைனி. அவர்கள் இலங்கையில், மன்னார்த் தீவில் பேசாலை என்ற மீன்பிடி ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள். அப்போது தோணியில் ஏறினால் அக்கரை. பிறகு பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, நாங்களும் அந்தமானுக்கு வந்துவிட்டோம். அக்காவும் தம்பியும் பார்த்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. "ரிட்டயர் ஆனதும் முதல் வேல, அக்காவப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரிட்டயரும் ஆனார். போன வருஷம் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தது. எனக்கு அப்போதே முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது, அவருக்குப் படியேறினால் இரைக்கும். அந்த வயதில்தான் எங்களுக்கு வெளிநாட்டுப் பயணம்.

நாங்கள் இலங்கைக்குப் போகிற செய்தி கட்சால் தீவு வரைக்கும் போய்விட்டது. அங்கே ரப்பர் தோட்டத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள் அல்லவா? ராமையா என்று ஒருவர் தீவுக் கப்பல் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை.

"ஐயா, எங்க ஆத்தா அங்க தோட்டத்து லயத்து வீட்டுலயே நின்னுருச்சுங்க. அதுக்கு அந்த நாட்டுப் பேப்பரு, எங்களுக்கு இந்த நாட்டுப் பேப்பரு. இனி நேர்ல பாக்குறது எங்கங்க. ஒரு போட்டா புடிச்சாந்தீங்கன்னா போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கல்லும் கரைந்துவிடும் போலிருந்தது. சரி என்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு கட்சாலிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு அண்ணன், இவருக்கு மகள், இன்னொருவருக்குப் புருஷனுடைய கல்லறை. பிஸ்வாஸ் பாபு தன்னுடைய பெட்டிக் கேமராவை இரவல் கொடுத்து, முதுகில் வெயில் படும்படி நின்று எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பதினொன்றைக் கட்சால்காரர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, "கடைசிப் படம் அக்காவுக்கு" என்றார் அவர்.

"முத படத்த மைனிக்கு வைங்க" என்றேன்.

"கடைசியில இறங்குறது அடியிலதானட்டி" என்றார்.

டிரங்குப் பெட்டியும் அப்படித்தான் அடுக்கினார். அக்காவுக்காகத் தன் கையால் படாக் பலகையில் இழைத்த செபமாலைப் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. அதன் மேல் ஊரார் கொடுத்த சோப்பு, மிளகாய், சேலை. இலங்கையில் அப்போது எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு.

கப்பலில் மெட்ராஸ், ரயிலில் ராமேசுவரம், மறுபடி கப்பலில் தலைமன்னார். ஒவ்வோர் இடத்திலும் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கொட்டச் சொன்னார்கள், ஒவ்வோர் இடத்திலும் அவர் அதே வரிசையில் திரும்ப அடுக்கினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தலைமன்னாரில் ரயில் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் பேசாலை ஸ்டேஷனில் ரயில் நின்றது. பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இறங்குங்க! மைனியப் பாத்துட்டு அப்புறமா மலைக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பனைமரங்களையே பார்த்தார்.

"மேல இருக்கறத இறக்காம அடியில இருக்கறத எப்பிடிட்டி எடுக்க? ஊரார் வேலய முடிச்சிட்டு வந்தா நிம்மதியா அக்காகூட இருக்கலாம்."

ரயில் நகர்ந்தது. நான் எழுந்து போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மலையில் விடாத மழை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பஸ், பஸ் இல்லாத இடத்தில் நடை. மழையில் படம் விழாது என்று வெயிலுக்குக் காத்திருந்தே நாட்கள் போயின. ஆனாலும் ராமையாவின் தாயார் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றதை நான் மறக்க மாட்டேன். "கைய இறக்குங்கம்மா, மொகம் தெரியட்டும்" என்று அவர் கெஞ்சினார். அந்த அம்மாள் இறக்கவே இல்லை. மகனுக்கே கும்பிடு போடுகிற மாதிரி ஒரு படம். அதற்கப்புறம் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பேசாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலைக் கப்பலுக்குப் போயாக வேண்டும். கையில் ஒரு சாயங்காலம்தான் மிச்சம்.

மைனி மெலிந்து, கூன் விழுந்து போயிருந்தார்கள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார்கள். "ஏலே, என்னலே இப்பிடி நரைச்சுப் போன? வந்த அன்னிக்கே வராம எங்கலே சுத்துன?" என்று அடித்தார்கள். அவர் பெட்டியின் அடியிலிருந்து செபமாலைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிறகு வெயில் இறங்குவதற்குள் என்று கேமராவை எடுத்தார். பின்னால் இருந்த சிவப்புக் கண்ணாடியில் கடைசி எண் தெரிந்தது.

மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். "நான் நிக்க மாட்டேன். ஒன் மச்சானையும் இப்பிடித்தான் நிக்க வெச்சுப் படம் புடிச்சாக. அந்த வருசம் தாங்கல."

"அக்கா, ஒன்னப் பாக்கத்தான நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒரே ஒரு படம்க்கா!" என்று அவர் மன்றாடினார். கடையில் வேறு சுருள் வாங்கலாமே என்று நான் ஓடினேன். மாசக்கணக்கில் வரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் திரும்பியபோது மைனியின் கையில் கேமரா இருந்தது.

"என் மூஞ்சி ஒனக்கு எதுக்குலே? ஒன் மூஞ்சிதான் எனக்கு வேணும். நீ நில்லு, நான் அமுக்குதேன். கழுவுனதும் எனக்கு அனுப்பு."

அக்கா சொல்லை அவரால் தட்ட முடியவில்லை. பனையோலை வேலிக்கு முன்னால் நின்றார். "வெயில் ஒன் முதுகுல படணும்க்கா, கொஞ்சம் திரும்பு" என்று சொல்லிக் கொடுத்தார். மைனி குனிந்து பார்த்து அமுக்கினார்கள். அவ்வளவுதான்.

திரும்பி வந்து பஜாரில் படங்களைக் கழுவியதும், ராமையாவின் தாயார் படத்தையும் மற்ற பத்தையும் எடுத்துக்கொண்டு தானே கட்சாலுக்குப் போய் வீடு வீடாகக் கொடுத்தார். அங்கே அழுதவர்களைப் பற்றி வந்து சொன்னார், சொல்லும்போது அவரும் அழுதார். பன்னிரண்டாவது படம் எங்கள் அலமாரியில் இருந்தது. அதில் அவர் வெறுங்கையோடு, கொஞ்சம் அசடு வழிய நிற்கிறார். காலடியில், மணலில், குனிந்த ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. கேமராவைப் பிடித்த முழங்கை கூடத் தெரிகிறது. மைனியின் ஞாபகமாக எங்களிடம் இருப்பது அந்த நிழல் ஒன்றுதான்.

"மைனிக்கு ஒரு காப்பி போட்டுத் தபால்ல அனுப்புங்க" என்று நான் நச்சரித்தேன். "தபால்ல தொலைஞ்சா? யாராவது போவாக, கையில குடுத்து விடுவோம்" என்றார். ஆட்கள் போகத்தான் செய்தார்கள். போகிறவர்களிடம் ஊரார் சாமான் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று இவரே தள்ளிப் போட்டார். அக்காவின் படம் எப்போதும் போல அடியிலேயே இருந்துவிட்டது.

அடக்கம் முடிந்த வாரம், நினைவு அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். எல்லாரையும் படம் எடுத்துவிட்டு வந்த மனிதருக்குப் பாஸ்போர்ட் படத்தைத் தவிர இருந்தது இது ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர் மலையாளி, நல்ல மனிதர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி, காலடியிலே கறுப்பா ஒண்ணு கிடக்கு. டச் பண்ணி எடுத்துடறேன், வெளுப்பா நல்லா இருக்கும்" என்றார்.

"கைய வெச்சீங்கன்னா தெரியும்! அது எங்க மைனி" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் இறந்ததற்கு அழுதேனா, பேசாலையில் இறங்காமல் போனதற்கு அழுதேனா என்று தெரியவில்லை. நிழலோடுதான் அட்டை அச்சாகியிருக்கிறது. உங்கள் கையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராமையா வந்தார். அவருக்கும் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதாம், தாயைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். கட்சால்காரர்கள் கொடுத்த மூட்டைகளோடு வாசலில் நின்று, "அம்மா, ஐயா சாமான் ஏதும் இருந்தாக் குடுங்க. நான் கொண்டு போறேன்" என்றார். எங்களிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிதாகப் போட்ட படத்தை மெழுகுத் துணியில் சுற்றி, அவருடைய கயிற்றாலேயே கட்டிக் கொடுத்தேன். ராமையா குனிந்து பெட்டியின் ஓரத்தில் செருகப் போனார்.

"அங்க வேண்டாம். எல்லாத்துக்கும் மேல வைங்க" என்றேன். "தலைமன்னார்ல ஏறுனா கொஞ்ச நேரத்துல பேசாலை வரும். ரயில் நிக்கும். நீங்க இறங்கணும்."

"இறங்குறேம்மா" என்றார்.

கடைசியாக அவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் போய் வாருங்கள். உங்கள் கையில் இனி யாருடைய மூட்டையும் இல்லை. அக்காவுக்கு உங்கள் முகம் முதலில் இறங்கும்.