ஆறாவது ஆளும் ஒரு தலையணையும்

கார் விற்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். நாத்தனார், கொழுந்தன் விவகாரங்கள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். செம்பூரில் ஒரு ஷோரூமில் பெரிய குடும்பக் கார்களை விற்றுப் பிழைக்கிறேன். ஜவுளிக்கடையில் நின்று நொந்த நண்பர்களே, உங்கள் துயரம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வாடிக்கையாளர் புடவைக்குள் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து பார்ப்பதில்லை.

லிட்டர்

டிக்கியின் அளவை எங்கள் விளம்பரத் தாளில் லிட்டரில் போட்டிருப்பார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. கொள்ளளவு திரவத்துக்கு மட்டும் உரியதல்ல, நம் முன்னோர் நெல்லை மரக்காலில் அளந்ததும் இதே தத்துவத்தில்தான் என்று நிதானமாக விளக்கினேன். எனக்கு இந்த மாதிரி சந்தர்ப்பங்கள் அடிக்கடி கிடைப்பதில்லை.

மாமி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாங்க என்ன ரசமா ஊத்திண்டு போகப்போறோம்? சான்பாடால பொண்ணாத்துக்குக் கொலுப்படி போகணும். அது நின்னுண்டு போகுமா, படுத்துண்டு போகுமா? அதைச் சொல்லுங்கோ."

மூன்றாம் வரிசை

கடைசி வரிசையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டால் எல்லாரும் "குழந்தைகள்" என்பார்கள். குழந்தை பக்கத்திலேயே நிற்கும், மீசையோடு.

தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. மனைவி சந்திரா, இரண்டு பிள்ளைகள், தம்பி முருகன், அக்கா பேச்சியம்மாள் என்று ஆறு பேராக வந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. இந்த வருஷம் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். கடைசி வரிசையை மடக்கிக் காட்டச் சொன்னார். மடக்கினேன். "இப்படியே இருக்கட்டும், சாமான் வைக்க வேணும்" என்றார். மடக்கினால் ஐந்து இடம்தானே, நீங்கள் ஆறு பேர் ஆயிற்றே என்றேன்.

அக்கா அங்கேதான் நின்றாள், மடக்கிய இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு. அண்ணாச்சி குரலைக்கூடத் தாழ்த்தவில்லை: "அக்கா எந்தக் கொடைக்கும் வாரதில்ல சார். அவ வந்துட்டா இங்க காலைல தண்ணி பிடிக்கது யாரு?"

ஒத்திகை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு டெம்போவில் வந்தார்கள். அரிசி டிரம், அண்டா, பெட்டிகள், ஒரு மேஜை மின்விசிறி, தலையணை மூட்டை. காகிதத்தில் போட்டிருக்கும் அளவை நம்புவதில்லை என்பது அண்ணாச்சியின் கொள்கை. ஓட்டிப் பார்க்க வைத்திருந்த காரில் எல்லாவற்றையும் ஏற்றினோம். அண்டாவை நான்தான் தூக்கினேன். எங்கள் மானேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கடையைக் காலி செய்கிறார்களா என்று ஜாடையில் கேட்டார்.

பெரிய சாமானெல்லாம் உள்ளே போனபின், கடைசி வரிசையில் ஒரு பாதியை நிமிர்த்தலாம் என்று தெரிந்தது. நிமிர்த்தினேன். அக்கா முதல்முறையாக வாய் திறந்தாள். "ஏலே பொன்ராசு, தண்ணிக்குப் பக்கத்து வீட்டு சாந்தாபாய்கிட்ட சொல்லிட்டேன். இந்த ஒத்த சீட்டு சும்மாதான கெடக்கு?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். சந்திரா இருக்கையைப் பார்த்தாள். "அதுல தலகாணி வைக்கணும், மதினி."

அக்கா மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "தலகாணிய நான் வச்சுக்கிடுதேன். என்னைய நீங்க வைங்க."

குமட்டல் சாஸ்திரம்

சாமானோடு ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்முன், ஜன்னல் வழியாக அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, இதுல எங்க இருந்தா கொமட்டும்?" கேட்டால் விடுவேனா? பின்சக்கரத்துக்கு மேல் குலுக்கல் அதிகம், எதிரே வரும் பாதை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கடைசி வரிசைதான் மோசம். முன்சீட்டுக்காரருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது என்று விரிவுரை நிகழ்த்தினேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். நடு வரிசையில் சந்திராவோடும் பிள்ளைகளோடும் நானும் ஒடுங்கிக்கொண்டேன்.

செம்பூர் சாலையை ஏதோ குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாவது வேகத்தடையில் அக்கா முந்தானையை வாயில் பொத்தினாள். புது இருக்கை! நானே அலறிவிட்டேன். அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி, பக்கத்திலிருந்த முருகனைப் பின்னால் துரத்தி அக்காவை முன்னால் உட்கார வைத்தார். முருகன் ஆறடி. முழங்கால் காதருகே வந்தது, மடியில் தலையணை. அண்ணாச்சியின் பையன் முருகனைப் பார்த்து, "சாச்சா, அட்ஜஸ்ட் கரோ நா" என்று இந்தியில் சித்தப்பாவை அனுசரித்துக்கொள்ளச் சொன்னான்.

"இப்பமே இப்படின்னா, மதினி வீட்லயே இருக்கட்டுமே" என்றாள் சந்திரா. அக்கா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சினிமா பார்க்கிறவள் மாதிரி. திரும்பி ஷோரூம் வாசலுக்கு வந்தபின்தான் அண்ணாச்சி சொன்னார்: "முன்னாலயே இருக்கட்டும். தலகாணிய மேல கேரியர்ல கட்டு."

எலுமிச்சம்பழம்

வண்டி எடுக்கிற நாள். அங்கிருந்தே ஊருக்குக் கிளம்புகிறார்கள். மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அக்கா முன்சீட்டில் பட்டுப்புடவையோடு. பாதி வரிசை மடங்கி, மீதிப் பாதியில் முருகன் மடங்கி. இரண்டு நாள் பாதையாயிற்றே என்று கரிசனத்தோடு, வாந்திக்கென்று ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பை வாங்கி வந்து ஜன்னல் வழியே நீட்டினேன்.

அக்கா பையையும் என்னையும் பார்த்தாள். பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்குக் கப்பல்ல போனாலும் வாந்தி வராது தம்பி. பைய முருகனுக்குக் குடு."

இப்போதெல்லாம் இந்தக் காரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று யாராவது கேட்டால், விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.