அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் கொடுத்த புகார்

போன வாரம் என் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் பொரியை அள்ளிப் போட்டபடி மறு கையால் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இங்கே வங்காளத்தில், சால்ட் லேக் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "என்னட்டி அது?" என்றேன். "கம்ப்ளைண்ட் போடறேம்மா. லீவுல இருக்கறப்பகூட வேலை செய்யச் சொல்றார். லேபர் டிபார்ட்மென்ட் சைட்லயே போடலாம்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். யோசிக்கும் முன்பே என் வாய் முந்திக்கொண்டது. "உங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டியா?"

பொரி அள்ளிய கை அப்படியே நின்றது. "மா, கம்ப்ளைண்டே அவர் மேலதான்" என்றாள். பிறகு வங்காள மொழியில் ஏதோ முணுமுணுத்துச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் வங்காளத்தில்தான் வரும். சிரிக்கட்டும். எனக்கு மட்டும் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, என் அப்பாவுடையது. இத்தனை வருடமாக அது எனக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, நானும் ஒரு காலத்தில் புகார் கொடுத்தவள்தான். பொரி தின்றுகொண்டு அல்ல. ஒரு தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, வெல்லப் பாகு போட்ட சந்தேஷ் இனிப்பு எல்லாம் வைத்துக்கொண்டு.

அப்பா திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு வந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். நாங்கள் அங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பி.காம். முடித்த கையோடு எனக்குச் சாந்த்ராகாச்சியில் ஒரு வேலை கிடைத்தது. கிடைத்தது என்ன, அண்ணாச்சி கொடுத்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடும் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கே வேலை பார்த்த வங்காளிப் பெண்கள் அது உறவுச்சொல் என்று தெரியாமல் "அண்ணாச்சி பாபு, அண்ணாச்சி பாபு" என்று கூப்பிடுவார்கள். அவரும் திருத்தியதில்லை. இரட்டை மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்?

நல்ல மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டது என்றாலும் அப்பா முதலில் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். என் பரீட்சை முடிவைக்கூட எனக்கு அடுத்தபடி தெரிந்துகொண்டவர் அண்ணாச்சிதான்.

அந்தத் தொழிற்சாலையில் எல்லாம் இருந்தது. அரவை மெஷின் இருந்தது, தராசு இருந்தது, பிள்ளையார் படம் இருந்தது. பெண்களுக்குக் கக்கூஸ் மட்டும் இல்லை. இந்தச் சொல்லை இப்போது பளிச்சென்று எழுதிவிட்டேன். அப்போது தலையை வாங்குவேன் என்று மிரட்டினாலும் சொல்லியிருக்க மாட்டேன். மாடியில் அண்ணாச்சியின் அறையை ஒட்டி ஒன்று இருந்தது, அதன் சாவி அவர் சட்டைப் பையில். ஆண்கள் ரயில் பாதை ஓரமாகப் போய்விட்டு வந்துவிடுவார்கள். நாங்கள் கொஞ்ச காலம் பின்வீட்டு அம்மாளிடம், மாஷிமா என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, கெஞ்சிப் போய்வந்தோம். இத்தனை பேர் தினமும் ஈரக்காலோடு கூடத்தில் நடந்தால் எவர்தான் பொறுப்பார்? ஒருநாள் அவர் கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் என்ன, தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். இதில் எங்களுக்கெல்லாம் குரு கல்பனாதி. பாக்கெட் ஒட்டும் வேலை அவருக்கு, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நான் 'தி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவேன். "காலைல வீட்ல ஒரு மடக்கு. அதுக்கப்புறம் சாயந்திரம் வீட்டுக்குப் போய்த்தான். நாக்கு ஒட்டுனா ஒரு கிராம்பு வாயில போட்டுக்கோ" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மிளகாய்த் தூள் பறக்கும் இடத்தில், சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே! இன்றும் எனக்குக் கிராம்பு வாசனை பிடிக்காது. பிரியாணி என்றால் தட்டில் முதலில் அதைத்தான் தேடி எடுத்து ஓரமாக வைப்பேன். வீட்டில் அதைப் பித்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் கல்பனாதிக்குக் குளிர் காய்ச்சல் வந்து பாக்கெட்டுகளின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், சிறுநீரில் தொற்று, அடக்கி அடக்கி வந்தது, இனி இப்படிச் செய்தால் சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். உடம்பு தேறித் திரும்பி வந்தவர் மறுபடியும் கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? நான் அண்ணாச்சியிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். "எடம் எங்கம்மா இருக்கு? அதுவும் போக, இவளுக போறதும் வாறதுமா இருந்தா வேலை ஓடுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்பதுபோலச் சொன்னார்.

எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்தது. தொழிற்சாலைச் சட்டம் நடத்திய பேராசிரியர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்ற பிரிவு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். பெண்கள் பெஞ்சில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சட்டமே இருக்கிறது, நமக்குத்தான் கூச்சம் என்பது அப்போது உறைக்கவில்லை.

புகார் கொடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்பனாதியின் கதையைக் கேட்டு அவருக்கும் மனசு கலங்கிவிட்டது. "குடு. ஆனா அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படி?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இதை நினைத்தால்தான் இன்று மகள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போனோம். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். "வாங்க வாங்க! பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்தாச்சோ?" என்றார். அப்பா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "இல்ல அண்ணாச்சி. இந்தப் பிள்ள உங்க மேல ஒரு கம்ப்ளைண்ட் குடுக்கணும்னு சொல்லுதா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம செஞ்சா நல்லா இருக்காதுல்லா? அதான் கூட்டிட்டு வந்தேன்."

"என் மேலயா? எதுக்கு?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். "பாத்ரூம்..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துக் காப்பித் தட்டோடு வந்த அவர் மனைவி, "அட, இதைச் சொல்லதுக்கு என்ன கூச்சம் தாயி? உள்ள இடது கைப் பக்கம், போயிட்டு வா" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்! என்னத்தைச் சொல்ல. உள்ளே வெள்ளை ஓடு பதித்த சுவர், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர், பாச்சா உருண்டை வாசனை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அங்கே நின்று அழுதேன். நான் வெளியே வருவதற்குள் அப்பா ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார்.

அண்ணாச்சி எதுவும் கோபிக்கவில்லை. "குடு தாயி, படிச்ச பிள்ள, உனக்குத் தெரியாததா?" என்றார். அவர் மனைவி குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்துவிட்டார். வரும்போது மிக்சர் பொட்டலம் வேறு. யார் மேல் புகார் கொடுக்கப் போகிறோமோ அவர் வீட்டுப் பூவைச் சூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கல்பனாதியையும் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீஸுக்குப் போனேன். புகாரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பெண் ஊழியர்களின் சில அத்தியாவசிய வசதிகள் என்று ஒரு பக்கம் முழுக்கச் சுற்றினேனே தவிர, அந்த வசதி என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. அங்கிருந்த அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று வங்காளத்தில் கேட்டார். சுற்றிலும் மேஜைகள், மேஜைக்கு மேஜை ஆண்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்பனாதி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே சொன்னார். "அங்க எங்களுக்குக் கக்கூஸ் இல்ல பாபு."

"அப்போ எங்க போவீங்க?"

"போறதில்ல."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னப் பதிலை நான் கேட்டதில்லை. படித்த நான் ஒரு பக்கம் எழுதியும் சொல்லாததை அவர் ஒரு சொல்லில் சொல்லிவிட்டார் என்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்படவில்லை. எல்லோரும் எங்களையே பார்க்கிறார்களே என்று குறுகிப்போய்ச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். நாம்தான் தாம்பாளத்தில் வைத்துத் தகவல் கொடுத்திருந்தோமே! முற்றத்து மூலையில் திடீரென்று தகரக் கதவோடு ஒரு அறை முளைத்தது. மூன்று பாஷையில் பெண்கள் என்று பலகை. உள்ளே புது வாளி, புது மக்கு. தண்ணீர்க் குழாய் சுவரோடு நின்றது, எதனோடும் இணைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இது போன வாரம் இங்கே இல்லை, குழாயில் தண்ணீரும் வராது" என்று நான் சொன்னேன். பக்கத்தில் அண்ணாச்சி கைகட்டி நின்றார். மற்றப் பெண்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்போ இருக்கில்ல? தண்ணியும் வந்துரும்" என்றார் இன்ஸ்பெக்டர். குறை தீர்ந்தது என்று புகாரை முடித்துவிட்டார்கள். அந்த வாரமே அறைக்குள் மல்லி மூட்டை ஏறியது. கல்பனாதிக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னை அண்ணாச்சி ஒரு சொல் சொல்லவில்லை. நான் வேண்டியவர் வீட்டுப் பிள்ளையாயிற்றே. அந்தச் சலுகைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

இரண்டாவது புகாரை எவரிடமும் சொல்லாமல் எழுதினேன், அப்பாவிடம்கூட. இந்த முறை சுற்றவில்லை. கக்கூஸ் இல்லை, காட்டிய அறையில் மூட்டை இருக்கிறது, புகார் கொடுத்தவளை நிறுத்திவிட்டார்கள் என்று நாலே வரி. வேறொரு இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மூட்டை வெளியே போனது, தண்ணீர் வந்தது, தாழ்ப்பாளும் வந்தது. கல்பனாதியைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வர, அண்ணாச்சி அவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவர் வரவில்லை. வேறு எங்கோ வீட்டு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அண்ணாச்சி வரும் நேரத்தில் கோயிலுக்குப் போவதை விட்டார். எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். தப்புச் செய்தவர் நிமிர்ந்து நடக்க, என் அப்பா சந்து சந்தாக ஒளிந்தார். பார்க்கச் சகிக்காமல் நான் வேலையை விட்டேன். அந்தக் கதையில் வெட்கப்பட வேண்டிய ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெட்கப்பட்டோம்.

இப்போது அப்பா இல்லை, அண்ணாச்சியும் இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி. அந்தப் பக்கம் மிளகாய் நெடிகூட இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சாந்த்ராகாச்சிக்குப் போனபோது, ரயில் நிலையத்து வாசலில் என் கையை யாரோ பிடித்தார்கள். கல்பனாதி. தலை முழுக்க நரைத்துவிட்டது. விடமாட்டேன் என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மகன் கட்டிய வீடு. உட்காரச் சொல்வதற்கு முன்பே என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்து காட்டினார். ஓடு பதித்த சுவர், குழாய், உள்ளே தாழ்ப்பாள். "ரெண்டு பக்கமும் கதவு, ஒண்ணு வீட்டுக்குள்ள. ராத்திரி வெளியில வர வேண்டாம்" என்றார், பூஜை அறையைக் காட்டுவதுபோல. அன்று நான் புகாரில் எழுதக் கூசிய சொல்லைச் சொல்லி, வேலையை இழந்தவர் இவர். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே டீயும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார், எனக்கு மட்டும். உங்களுக்கு என்று கேட்டேன்.

"குடிக்கணும்னு டாக்டர் திட்டறார். மருமக கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடிக்க வைக்கிறா" என்று சிரித்தார். "எனக்குத் தாகம் எடுக்கறதே இல்ல. எப்போ நின்னுச்சுன்னு தெரியல."