நிறுத்தச் சொன்ன கை

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, கிரேன் ஓட்டும் பாபு.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நான் சிக்னல்மேன். கூரையை ஒட்டி ஓடும் கிரேனில் பாபு இருப்பான், கீழே நான். ஆலைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் எங்கள் பேச்செல்லாம் கையால்தான். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டி அசையாமல் வைத்தால் 'நிறுத்து'. அதே கையில் விரல்களை லேசாக ஆட்டினால் 'கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு'.

அன்று ஒரு கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் கட்டை வைக்க ஓர் ஆள் குனிந்தார். நான் நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினேன். கம்பிக்கட்டு நிற்கவில்லை, மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிய பிறகுதான் நின்றது. குனிந்த ஆள் அதற்குள் உருண்டு வெளியே வந்துவிட்டார். யாருக்கும் அடியில்லை.

பாபு பதறிப்போய் இறங்கி வந்தான். "இன்னாண்ணா, வெரல ஆட்டிக்கினே இருந்த? எறக்கச் சொல்றன்னுதான நெனச்சேன்!"

"நான் எங்கடா ஆட்டினேன்?" என்று கேட்டபடி கையைப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் சான்று இல்லாமல் இனி சிக்னல் கிடையாது என்று சூப்பர்வைசர் என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். கையுறைகளை அடுக்கும் வேலை. ஆலை கேட்டில் ஒருவர் என் கையைப் பார்த்து, "இன்னா நைனா, காலைலயே போட்டுக்கினு வந்துட்டியா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்த என் அப்பாவுக்கும் கை இப்படித்தான் ஆடும். ஒரு சொட்டு குடிக்காத மனிதரை ஊரே குடிகாரன் என்றது. எனக்கு அந்தப் பெயரும் வேண்டாம், ஸ்டோரும் வேண்டாம். கிரேனுக்குக் கீழே என் இடம் திரும்ப வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

நானும் என் மனைவி கலாவும் சென்னைக்கு ரயிலேறினோம். மீஞ்சூர் தாண்டும்வரை கையைத் தொடைக்கு அடியில் வைத்தே உட்கார்ந்திருந்தேன். நரம்பியல் டாக்டர் அம்மா என் கைகளை மடியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். ஆடவில்லை. நீட்டச் சொன்னார். ஆடின. ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். அரைகுறையாய்ச் சுட்ட முறுக்கு மாதிரி ஒன்று வந்தது.

"குடிச்சா நடுக்கம் குறையுதா?" என்றார்.

இங்கேயுமா என்று நான் முறைத்தேன். கலா முந்திக்கொண்டாள். "ஆமாம்மா. என் தம்பி கல்யாணத்துல ஒரு பீர் குடிச்சாரு. அன்னிக்குன்னு பார்த்து மொய்க் கவர்ல பேரு குண்டு குண்டா எழுதினாரு!"

டாக்டர் சிரித்துவிட்டார். அது ஒரு தடயம்தான், மருந்து இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். எசென்ஷியல் ட்ரெமர் (சும்மா வைத்திருக்கும்போது அடங்கி, நீட்டும்போதும் வேலை செய்யும்போதும் வரும் நடுக்கம்) பலருக்கு அப்படிக் குறையுமாம். குடும்பத்தில் வழிவழியாகவும் வருமாம். "உங்க அப்பாவுக்கும் இதுவா இருந்திருக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஊரையே நிற்கவைத்து இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வேறு கோளாறு இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் உட்படம்) எழுதினார். ஸ்கேன் அறையில், "கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்கா?" என்று கேட்டார்கள். விழாத நாள் உண்டா என்றேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. காந்தம் அதை இழுத்தால் கண் போய்விடுமாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லையென்று பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். உருக்கு, வெல்டிங், கிரைண்டிங் வேலைக்காரர்களே, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

குழாய்க்குள் சத்தம் பயமாக இருக்கும் என்றார்கள். எனக்கோ ஷிப்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

என் மூளையை நானே திரையில் பார்த்தேன்! அந்தப் பரபரப்பை எப்படிச் சொல்வேன்? பின்பக்கம் கீழே, பூக்கோசு மாதிரி சிறுமூளை (அசைவுகளைச் சீராக்கும் பகுதி). கட்டி இல்லை, அடைப்பு இல்லை.

"அப்ப நடுக்கம் எங்கம்மா இருக்குது?"

"இந்தப் படத்துல தெரியாது. சிறுமூளையும் மத்த இடங்களும் பேசிக்கிற தாளத்துல சிக்கல்னு நினைக்கிறோம். இது மூளையோட உருவத்தைத்தான் காட்டும்."

"மாத்திரை கேக்குமான்னாவது தெரியுமா?"

"அதை உங்க கைதான் சொல்லணும்."

மூச்சிரைப்பு உண்டா என்று விசாரித்து, நாடி பார்த்து, புரோப்ரனலால் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, நடுக்கத்துக்கும் தருவது) சிறிய அளவில் தொடங்கினார். முதலில் எழுந்தாலே தலை சுற்றியது. கை அப்படியே ஆடியது. நான் சோர்ந்துபோனேன். மறுமுறை அளவைக் கூட்டினார்.

பிறகு ஒரு காலை, சிந்துமென்று எப்போதும் அரை டம்ளரே தரும் கலா மறதியாக டம்ளர் நிறைய டீ ஊற்றிக் கொடுத்துவிட்டாள். குடித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சட்டையில் ஒரு சொட்டு இல்லை! "ஏங்க, கைய நீட்டுங்க!" என்று கத்தினாள். நீட்டினேன். லேசான சிலிர்ப்பு மட்டும். மாத்திரையா, பெரியபாளையத்து அம்மனா என்று வீட்டில் இன்னும் தகராறு தீரவில்லை.

எல்லோருக்கும் இந்த மாத்திரை கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. கேட்டுவிட்டதென்று நீங்களே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

சான்றோடு ஆலைக்குப் போனேன். சூப்பர்வைசர், யாரையும் அருகில் விடாமல், ஒரு கம்பிக்கட்டைத் தொங்கவிட்டுச் சோதித்தார். சந்தோஷத்திலும் நடுக்கம் கூடும் என்று டாக்டர் சொன்னது அப்போது பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்? கட்டு தரைக்கு ஒரு சாண் மேலே வந்தது. கையை நீட்டினேன்.

நின்றது.

கை ஆடாத அந்த நிற்றலுக்கு ஒரு நீளம் உண்டு என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. எத்தனை ஆயிரம் முறை அதை யோசிக்காமல் செலவழித்திருக்கிறேன்! சூப்பர்வைசர் தலையசைத்தார். கம்பிக்கட்டைத் தரையில் இறக்கிவைத்தோம். பாபு மேலிருந்து மணியை விடாமல் அடித்தான்.

நான் கையைத் தூக்கி அவனுக்குக் காட்டினேன். அப்போது பார்த்து அது ஆடத் தொடங்கிவிட்டது. பாபு கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, தரையில் கிடந்த கம்பிக்கட்டைக் காட்டி, 'இன்னும் இறக்கணுமா?' என்று சைகையில் கேட்டான்.

சிரித்தேன். ஆடட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன். அப்பா போன பிறகு, என் கையில் அவர் கையை நான் வெட்கப்படாமல் பார்த்தது அன்றுதான்.