மாமியார் கூட்டிவந்த மருமகள்

சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளி விடுமுறை. அன்று புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் உதவி மையத்தில் உட்காருவேன். சம்பளம் கிடையாது. அடிபட்டவர்களும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதும், ஆஸ்பத்திரிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ துணைக்குப் போவதும்தான் என் வேலை. பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ கூட வருவார்கள். அந்தப் பெண் மாமியாரோடு வந்தாள்.

கட்டுமாவடிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். மாமியாருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், மீன் வியாபாரம். மருமகள் சின்னப் பெண். மடியில் கைக்குழந்தை. இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

புகுந்த வீட்டு ஆள் யார் வந்தாலும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பெண்ணிடம் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். மாமியார் எழுந்திருக்கவில்லை.

"எம் மவன்தான் அடிச்சான் மேடம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நானே சொல்றேன்."

"அத்தை இருக்கட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

கடலுக்குப் போய்வந்த மகன் குடித்துவிட்டு, சாப்பாடு ஆறிப்போனதற்காக அறைந்திருக்கிறான். செவிப்பறை கிழிந்து காதிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது. டாக்டரிடம் அந்தப் பெண் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல, "பொய் சொல்லாத புள்ள" என்று அங்கேயே அதட்டியவர் மாமியார்தான். அங்கிருந்து நேராக எங்களிடம் வந்திருந்தார்கள்.

அந்த வாரம் அவளையும் குழந்தையையும் மையத்திலேயே தங்கவைத்தோம். அடுத்த சனிக்கிழமை பெண்ணின் பெற்றோரை வரச்சொன்னோம். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல இன்னொரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிதுங்க. இவ வந்து ஒக்காந்தா அவள யாரு கேட்டு வருவா? நீங்க மாப்பிள்ளையக் கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்பிவைங்க."

அம்மா தலையாட்டினார். குழந்தையைக்கூட அவர் கையில் வாங்கவில்லை.

"எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க மேடம்" என்றார் மாமியார். "அவங்க அப்பன் என்னைய அடிச்சதப் பாத்துத்தான் இவன் வளந்தான். அந்தாளு செத்தப்ப எனக்கு அழுகையே வரல. நாளைக்கு எம் மவன் செத்தா இந்தப் புள்ளயும் அப்படித்தான் நிக்கும்."

கடைசியில் அந்தப் பெண், புருஷன் வீட்டுக்குத் திரும்பப் போகமாட்டேன் என்றாள். போலீஸில் புகார் எழுதினோம். மகனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். குழந்தையோடு அவளை ஒரு விடுதியில் சேர்த்தோம். பிறகு வேறொரு ஊரில் ஜவுளிக்கடையில் வேலை கிடைத்துப் போனாள். அந்த ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமியார் தனியாக வந்தார். கையில் மாவுக்கட்டு. கேட்பதற்கு முன்பே, "அவதான் இல்லையே, வேற யார அடிப்பான்?" என்றார்.

மருமகளுக்குச் சொன்னதையெல்லாம் இவருக்கும் சொன்னேன். புகார் கொடுக்கலாம், தங்க இடம் இருக்கிறது, நான் கூடவே வருகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. அவள நீங்க பிரிச்சுவிட்டீங்க, சரி. பெத்தவள எப்படிப் பிரிப்பீங்க?"

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தவழ ஆரம்பித்துவிட்டது என்றேன். எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்பாரோ என நினைத்தேன்.

"எந்த ஊருன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதீங்க மேடம். அவன் அடிச்சுக் கேட்டான்னா சொல்லிப்புடுவேன்."

அதன்பின் மாதம் ஒருமுறை வருவார். போன முறை என் போனில் மருமகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. எதிர்முனையில் கொஞ்ச நேரம் அழுகைதான்.

"அத்தை, நீங்களும் இங்கிட்டு வந்துருங்க அத்தை."

"வாரேன், வாரேன். நீ மொதல்ல காதக் காட்டு டாக்டர்கிட்ட. சளி பிடிக்காமப் பாத்துக்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். டீ வாங்கிவரச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாங்க. மவன் கரைக்கு வர்றதுக்குள்ள சோறாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்.