சிவப்பு டேப்பைத் தாண்டிய தண்ணீர்

நான் செய்த தவறுக்கு இன்னொருவன் திட்டு வாங்கினான். பக்கத்தில் நின்றிருந்த நான், பழி அவன்மேல் விழும்படி பேசினேன். சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில், என் அடுக்குமாடி வீட்டு வாசலில் நடந்தது இது.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அசைவே இல்லை என்று ஒரு கடல்மீன் தொட்டி வாங்கினேன். அதன் அடியில், அலமாரிக்குள், சம்ப் என்று இன்னொரு தொட்டி உண்டு. மேலிருந்து வழியும் நீர் அதில் சுத்தமாகி, பம்ப் வழியே திரும்ப மேலே போகும். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். மேல்தொட்டி நீரில் ஒரு பங்கு கீழே இறங்கிவிடும். அதற்கு சம்பில் இடம் விட்டு வைக்க வேண்டும்.

கீழ்வீட்டு ஆன்டியிடம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன். ஜவுளிக்கடையில் வேலை. விடுமுறை நாளில் மீன் பார்க்க வருவான். என் வீட்டுக்கு வேறு யாரும் வந்ததில்லை. இருவருமாகப் பம்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வழியாத அளவைக் கண்டுபிடித்து, சம்பில் சிவப்பு டேப் ஒட்டினோம்.

"போதும் அங்கிள், இதுக்கு மேல ஊத்துனா கீழ ஆன்டி மிதப்பாங்க," என்று சிரித்தான்.

ஒருமுறை ரவாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சில நாள் போக வேண்டியிருந்தது. நீர் ஆவியாகி பம்ப் காய்ந்துவிடுமோ என்று பயந்து, கிளம்பும் அவசரத்தில், டேப்பைத் தாண்டி விளிம்பு வரை நிரப்பினேன். சாவியை அவனிடம் கொடுத்துத் தீனி மட்டும் போடச் சொன்னேன். நான் இல்லாதபோது இடி விழுந்து மின்சாரம் போய்விட்டது.

திரும்பி வந்தால் வாசலில் ஆன்டியும் அந்தத் தம்பியும். அக்கம்பக்கத்தாரும் நின்றார்கள்.

"என்னா அங்கிள், எங்க சாமி ரூம்ல மழை பெய்யுது லா! இவன் தண்ணிய ஊத்திட்டு ஊத்தலங்கிறான்."

"சத்தியமா ஊத்தல ஆன்டி. அங்கிளையே கேளுங்க."

நீர் விநியோகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தொட்டிக்கு அளவு பார்த்து ஊற்றத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"தீனி மட்டும்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

அவன் சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அந்த வாரமே ஆன்டி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் அழைத்தபோதெல்லாம் அவன் போனை எடுக்கவில்லை.

விடுமுறை நாட்கள் வந்தன, போயின. மீன்களோடு நான் மட்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே போய் ஆன்டியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒங்கள நாலு வார்த்த ஏசிட்டு விட்டிருப்பேன். அவன ஏன் அங்கிள் ஏச வச்சீங்க?" என்றார். அதற்குள் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். அந்தத் தம்பி இப்போது கிள்ளானில் வேறொரு ஜவுளிக்கடையில் இருப்பதை ஆன்டியே விசாரித்துச் சொன்னார்.

ரயிலேறிப் போனேன். பலர் முன் அவமானப்படுத்தியதால் பலர் முன்தான் சொல்ல வேண்டும் என்று, உடன் வேலை செய்பவர்கள் கேட்கவே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சேலையை மடித்துக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு ஏன் அங்கிள் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுப்பா."

"எனக்கு அது இருக்காதா அங்கிள்?"

மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டு, "மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான். தேநீர் வரவழைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வரச் சொன்னேன். "பாப்போம் அங்கிள்," என்றான். அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

இன்னும் அவன் வரவில்லை. இப்போது டேப்புக்குக் கீழேயே நீரை நிறுத்திவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், "போதும் அங்கிள்" என்று யாரோ சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல், வாளியைச் சாய்த்தபடி ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறேன்.